சிலோன் பெட்டியிலிருந்து டிஎன்ஏ வரை: நம் குடும்பத்து வேரைத் தேடும் வழி

கோத்தகிரி கடைவீதியில் 22 வருடமாக ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்துக் காகிதம் ஒன்றாவது என் மெஷினில் ஏறாத நாள் கிடையாது. பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் சாதிச் சான்றிதழுக்காக வருவார்கள், மற்ற மாதங்களில் வீட்டுக்காக, பென்ஷனுக்காக. பழைய பாஸ்போர்ட்டை மஞ்சப்பையில் சுற்றி, அதை இன்னொரு பிளாஸ்டிக் பையில் போட்டு, மழையில் நனையாமல் நெஞ்சோடு அணைத்து எடுத்து வருவார்கள். நகல் எடுத்துக் கொடுத்ததும் பலர் கேட்பது இதைத்தான்: "இதுல எங்க தாத்தாவோட சொந்த ஊரு போட்டிருக்கா, பாருங்கக்கா."

போட்டிருக்காது. பிறந்த இடம் என்று ஒரு சிலோன் தோட்டத்தின் பெயர் இருக்கும். தாத்தாவின் அப்பா எந்த ஊரிலிருந்து கிளம்பி அந்தத் தோட்டத்துக்குப் போனார் என்பதை அந்தக் காகிதம் சொல்லாது.

நானும் அதே கேள்வியோடு அலைந்தவள்தான். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டுப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் அங்கேயே, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று. அந்தக் கணக்கில் எங்கள் வீடும் பிளந்தது. அப்பாவும் அவருடைய மூத்த அக்காவும் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார்கள். நடு அக்காவின் புருஷன் வீட்டார் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதிக் கொடுத்ததால் அவர் அங்கேயே நின்றுவிட்டார். 1974இல் தலைமன்னாரில் இராமானுஜம் கப்பல் ஏறியபோது எனக்கு 8 வயது. ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அப்புறம் கோத்தகிரி. அப்போது வனத்துறை நட்டிருந்த தேயிலையில் அம்மா கொழுந்து எடுத்தார். 1976இல்தான் அது டேன்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகமானது. நடு அத்தையிடமிருந்து கடிதம் வந்துகொண்டிருந்தது. 1983க்குப் பிறகு நின்றுபோனது.

ஆக எனக்கு இரண்டு கேள்வி. நாங்கள் எந்த ஊர்? அத்தையின் பிள்ளைகள் எங்கே? இரண்டுக்கும் பதில் கிடைக்க 6 வருடம் ஆனது. வரிசை தெரியாமல் தேடியதால்தான் அவ்வளவு காலம். முதலில் வாய், அடுத்து காகிதம், கடைசியில்தான் எச்சில், அதாவது டிஎன்ஏ சோதனை. டிஎன்ஏ கிட் வாங்கலாமா என்று முதல் நாளே கேட்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன். வாயும் காகிதமும் இல்லாமல் வருகிற டிஎன்ஏ முடிவு வெறும் எண். அதைப் பொருத்திப் பார்க்க உங்களிடம் ஒரு பெயராவது இருக்க வேண்டும்.

பெரியவர்களிடம் கேட்பது

"தாத்தா பேரு என்ன, அவங்க அப்பா பேரு என்ன" என்று பட்டியல் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். அதிலும் பாட்டிமார் கணவர் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். என் அம்மாயியிடம் தாத்தா பெயரைக் கேட்டபோது சுவரில் இருந்த முருகன் படத்தைக் கையால் காட்டினார். வேலுவா, கந்தனா, ஆறுமுகமா என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அவர் தலையாட்டுவதைப் பார்த்துத்தான் சுப்பன் என்ற பெயரைப் பிடித்தேன். கணவர் பெயரை மனைவியிடம் கேட்காமல் கொழுந்தனாரிடமோ நாத்தனாரிடமோ கேளுங்கள்.

பெயரை விட முறையைக் கேட்பது நல்லது. உங்கள் காதுகுத்துக்கு யார் மடியில் உட்கார வைத்தார்கள்? சடங்குக்குச் சீர் கொண்டு வந்தது யார்? பாட்டி இறந்தபோது பிறந்த வீட்டுக் கோடி போட்டது எந்த வீடு? தாத்தாவுக்குக் கொள்ளி வைத்தது மகனா, பங்காளி மகனா? இந்தக் கேள்விகளுக்கு 80 வயதுக்காரர்கூடத் தடுமாறாமல் பதில் சொல்வார். ஒவ்வொரு பதிலும் வரைபடத்தில் ஒரு கோடு. தாய்மாமன் யார் என்று தெரிந்துவிட்டால் பாட்டி பிறந்த வீடு தெரிந்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

ஒப்பாரியை விட்டுவிடாதீர்கள். அம்மாயி இழவு வீட்டில் மாரடிக்கும்போது அண்ணன்மார் பெயரை வரிசையாக வைத்து அழுவார். கல்யாண வயதில் இறந்துபோன ஒரு தம்பியின் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை, அந்த ஒப்பாரியில் மட்டும்தான் இருந்தது. ஒருநாள் மத்தியானம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, "எப்படி அழுவீங்க அம்மாயி, சொல்லுங்க" என்று கேட்டு போனில் பதிவு செய்தேன். அவர் பாடி முடித்து வெகுநேரம் பேசவில்லை. நானும் அன்றைக்கு மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. பெரியவர்களுக்கு வலிக்கிற இடம் வந்தால் அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள், இன்னொரு நாள் இருக்கிறது.

வருடம் கேட்டால் தெரியாது என்பார்கள். சம்பவத்தைக் கேட்டால் தெரியும். கப்பலில் வந்து இறங்கியது தனுஷ்கோடியா, ராமேஸ்வரமா? தனுஷ்கோடி என்றால் 1964 டிசம்பர் புயலுக்கு முன்னால். தோட்டத்தில் மலேரியா வந்து லயம் லயமாக (லயம் என்றால் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) செத்தார்கள் என்று சொன்னால் அது 1934-35. கலவரம் முடிந்து வந்தோம் என்றால் 1977ஆ, 1983ஆ என்று பிரித்துக் கேளுங்கள். தமிழ் வருடப் பெயர் இன்னும் துல்லியம். 60 வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வரும் என்பதால் எந்தச் சுற்று என்று மட்டும் கண்டுபிடித்தால் போதும். "தாது வருஷப் பஞ்சத்துல எங்க பூட்டன் கண்டிச்சீமைக்குப் போனாரு" என்று அம்மாயி சொன்னார். கண்டிச்சீமை என்றால் சிலோன். தாது வருடம் என்பது 1876-77. அந்தப் பஞ்சத்தில் தமிழ்நாட்டிலிருந்து கூட்டம் கூட்டமாக அக்கரைக்குப் போனார்கள். ஒரே ஒரு சொல், எனக்கு 140 வருடத்துக்கு மேல் பின்னால் போக வழி கொடுத்தது.

காகிதங்கள்

வீட்டுக் காகிதத்தில் நான் முதலில் தேடச் சொல்வது மொய் நோட்டு. பாஸ்போர்ட்டை விட அதில் செய்தி அதிகம். பெயர், ஊர், தொகை என்று ஒவ்வொரு உறவும் வரிசையாக இருக்கும். யார் அதிகம் எழுதினார்களோ அவர்கள் நெருங்கிய முறை. எங்கள் சித்தப்பா கல்யாணத்து மொய் நோட்டில் துறையூர் பக்கத்து ஊர்ப்பெயர் ஒன்று மூன்று இடத்தில் இருந்தது. அந்த ஊரை நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை. இந்தியா வந்த புதிதில் அப்பா யாரையோ தேடிப் போய்ப் பத்திரிகை வைத்திருக்கிறார், எங்களிடம் சொல்லவில்லை. மொய் நோட்டோடு பழைய கல்யாணப் பத்திரிகைகளையும் கருமாதிப் பத்திரிகைகளையும் சேர்த்து வையுங்கள். அடியில் வரிசையாக அச்சடித்திருக்கும் பெயர்களுக்காகவே அவற்றைக் காப்பாற்ற வேண்டும்.

அடுத்து பாஸ்போர்ட், இந்திய ஹைகமிஷன் கொடுத்த குடும்ப அட்டை, கப்பல் சீட்டு, முகாம் காகிதம். இவற்றின் முன்பக்கத்தோடு நிறுத்தாமல் பின்பக்கத்தையும் முத்திரைகளையும் படமெடுங்கள். ரப்பர் ஸ்டாம்ப்பில் இருக்கும் தேதிதான் பல வீடுகளில் வந்த நாளுக்கு ஒரே சாட்சி. சில வீடுகளில் பூட்டன் காலத்துத் தகர வில்லை இருக்கும். 1900களின் தொடக்கத்தில் ஆள் கட்டிக்கொண்டு போனபோது தோட்டத்துக்கான எண் பொறித்துக் கொடுத்தது. பழைய இரும்பு என்று போட்டுவிடாதீர்கள்.

என் தொழிலை வைத்து ஒன்று சொல்ல வேண்டும்: தயவு செய்து லேமினேஷன் போடாதீர்கள். சூட்டில் பிளாஸ்டிக் உருகிக் காகிதத்தோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்கவே முடியாது. நீலகிரி ஈரத்தில் ஓரம் கொஞ்சம் பிரிந்தால் உள்ளேயே பூஞ்சை பிடிக்கும், வெளியே எடுத்துத் துடைக்கவும் வழியில்லை. 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, அசலை வெள்ளைத் தாள்களுக்கு இடையில் வைத்து, தகரப் பெட்டியில் மருந்து பாட்டிலில் வரும் சிலிக்கா பொட்டலங்களோடு போடுங்கள். மாதம் ஒருமுறை வெயில் அடிக்கிற நாளில் நிழலில் காற்றாட வையுங்கள். அசலை யார் கேட்டாலும் கையொப்பம் வாங்காமல் கொடுக்காதீர்கள். தம்பியின் சான்றிதழுக்காக 1990களில் ஓர் அலுவலகத்தில் எங்கள் குடும்ப அட்டையின் அசலை வாங்கி வைத்துக்கொண்டார்கள். திரும்பி வரவே இல்லை. அதில் அம்மாயியின் அப்பா பெயர் இருந்தது. இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது.

இனி பெயரின் எழுத்து. வெளிநாட்டு வம்சாவளி இணையதளங்கள் எல்லாம் குடும்பப் பெயரை அச்சாணியாக வைத்துக் கட்டப்பட்டவை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர்தான் ஒட்டிக்கொண்டு வரும், தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அதனால் குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டும், பிறகு காலியாக விட்டும் தேட வேண்டும். சிலோன் ஆங்கில எழுத்தும் இங்குள்ள எழுத்தும் வேறு. சின்னையா அங்கே எஸ்ஸில் தொடங்குவார், இங்கே சி எச்சில். லட்சுமியை அங்கே எல், இ, டி, சி, எச் என்று எழுதுவார்கள், லெட்சுமி. ஒவ்வொரு பெயருக்கும் நாலைந்து எழுத்து வடிவத்தை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு தேடுங்கள்.

தோட்டத்துக்கும் இரண்டு பெயர். பாஸ்போர்ட்டில் இருப்பது வெள்ளைக்காரத் துரை வைத்த பெயர். நம் ஆட்கள் வாயில் இருப்பது தமிழ்ப் பெயர், இரண்டுக்கும் ஒட்டே இருக்காது. எங்கள் தோட்டத்தில் உறவினர்கள் இன்னும் வேலை செய்வதால் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன், தலவாக்கலைப் பக்கம். இரண்டு பெயரையும் தெரிந்துகொள்ளுங்கள், எந்தப் பிரிவு, மேட்டு லயமா பணிய லயமா, கங்காணி பெயர் என்ன என்பதையும் கேளுங்கள். பெரியகங்காணி தன் ஊர்ப்பக்கத்திலிருந்தே ஆள் கட்டிக்கொண்டு போவது வழக்கம். கங்காணியின் ஊர் தெரிந்தால் உங்கள் ஊருக்கு அது பக்கத்து ஊராக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. தோட்டத்துச் செக்ரோலை, அதாவது ஆட்களின் பெயர்ப் பதிவேட்டைத் தேடுபவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்: 1972, 1975 நிலச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்குப் போயின, 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பெனிகளிடம் போனது. ஒவ்வொரு கைமாறலிலும் பழைய லெட்ஜர்கள் இடம் மாறியிருக்கின்றன. அதனால் பிறப்பு, திருமணப் பதிவுகளையே நான் நம்புவேன். இலங்கையில் அந்தந்தப் பிரதேச செயலகத்தில் நகல் கேட்கலாம். பதிவு எண் தெரியாவிட்டாலும் தேதியைச் சொல்லித் தேடச் சொல்லலாம். அங்கே உறவோ நண்பரோ ஒருவர் நேரில் போனால் வேலை சீக்கிரம் நடக்கும்.

இங்கே, சொந்த ஊரில் நிலம் இருந்ததாகப் பேச்சு இருந்தால் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். அங்கே இல்லாத பழையவற்றுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள். பெரும்பாலான தோட்டக் குடும்பங்களுக்கு நிலமே இருந்திருக்காது, இருந்திருந்தால் ஏன் கடல் தாண்டப் போகிறார்கள்.

குலசாமி

ஊரைக் காட்டிக் கொடுப்பது குலசாமிதான். சிலோனுக்குப் போனவர்கள் சாமியை விட்டுப் போகவில்லை, கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துப் போய்த் தோட்டத்தில் வைத்துக் கும்பிட்டார்கள். சாமி பெயர், அதன் காவல் தெய்வம், எந்த மாதம் படையல், கிடா வெட்டா சைவமா, எந்தத் திசை பார்த்து விழுந்து கும்பிடுவார்கள் என்று எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் நூறு சாமி இருக்கும், ஆனால் இந்த அடையாளங்கள் எல்லாம் ஒன்றாகப் பொருந்துவது ஒரு சில கோயில்களுக்குத்தான்.

மொய் நோட்டில் இருந்த ஊருக்கு நானும் தம்பியும் ஒரு மாசி மாதம் போனோம். கோயில் பூசாரியிடம் விவரம் சொன்னதும் அவர் எங்களை நாட்டாமை வீட்டுக்கு அனுப்பினார். அங்கேதான் வரி நோட்டு இருந்தது. கோயில் செலவுக்குப் பங்காளிகள் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று போடும் வரி. 1950களின் நோட்டில் ஒரு வரியில் எங்கள் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் பேரன் பெயர், பக்கத்தில் "கண்டிப் பங்காளி வரி நிலுவை" என்று எழுதியிருந்தது. நாங்கள்தான் அந்தக் கண்டிப் பங்காளி. தம்பி அந்த இடத்திலேயே நிலுவையைக் கட்டினான். நான் அழுதுவிட்டேன்.

குலசாமி ஆண்வழியில் போகும். கல்யாணமானால் பெண்ணுக்குப் புருஷன் வீட்டுச் சாமி. அதனால் அம்மா பிறந்த வீட்டுச் சாமி, அப்பாயி பிறந்த வீட்டுச் சாமி என்று தனித்தனியாகக் கேட்காவிட்டால் பாதிக் குடும்பம் காணாமல் போகும்.

டிஎன்ஏ

இப்போது எச்சிலுக்கு வருகிறேன். அத்தையின் பிள்ளைகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தது இதுதான்.

சோதனை மூன்று வகை. ஒய் குரோமோசோம் சோதனை ஆண்களுக்கு மட்டும், அப்பா, அவர் அப்பா என்று ஒரே கோட்டில் போகும். மைட்டோகாண்ட்ரியா சோதனை அம்மா, அம்மாயி, அவருடைய அம்மா என்ற கோடு. இரண்டுமே ஆயிரக்கணக்கான வருடப் பழைய கதையைச் சொல்பவை, காணாமல் போன அத்தை வீட்டைக் கண்டுபிடிக்க உதவாது. நமக்கு வேண்டியது ஆட்டோசோமல் சோதனை. அது அம்மா, அப்பா இரண்டு பக்கமும் வந்த டிஎன்ஏவில் ஆறேழு லட்சம் இடங்களைப் படித்து, அந்த நிறுவனத்தின் பட்டியலில் இருக்கும் மற்றவர்களோடு ஒப்பிட்டு, யாரோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று சொல்லும். அந்த அளவுக்குப் பெயர் சென்டிமோர்கன்.

தம்பியின் மகள் இங்கிலாந்தில் நர்ஸ். 2022இல் அவளுக்குக் குழந்தை பிறந்தபோது தம்பி போய் நாலு மாதம் இருந்தான். அங்கேயே அவனும் மகளும் சோதனை செய்துகொண்டார்கள். எச்சில் கொடுப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து எதுவும் சாப்பிடக்கூடாது, தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது. வெற்றிலை போடும் பெரியவர் என்றால் அதற்கும் முன்னாலேயே வாயை நன்றாகக் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.

முடிவு வந்ததும் எல்லாரும் முதலில் பார்ப்பது வண்ண வண்ணமாக வரும் இன விழுக்காட்டு வரைபடம். அதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். தென்னிந்தியா, இலங்கை என்று வரும், அது உங்களுக்கே தெரியும். ஒப்பிடுவதற்கு அவர்கள் வைத்திருக்கும் மாதிரிக் கூட்டம் மாறினால் விழுக்காடும் மாறும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். ஒய் சோதனை காட்டும் வம்சப் பிரிவின் எழுத்தை வைத்து "நாங்க இந்தச் சாதி" என்று நிரூபிக்கக் கிளம்பாதீர்கள். எச், எல், ஆர் போன்ற பிரிவுகள் எல்லாச் சமூகத்திலும் கலந்தே இருக்கின்றன. சாதியை டிஎன்ஏவில் தேடுவது தவறான தேடல், அதற்காக யாராவது என் கடைக்கு வந்தால் நான் உதவுவதில்லை.

பார்க்க வேண்டியது உறவுப் பட்டியல். முதல் ஏழெட்டு மாதம் தம்பியின் பட்டியலில் தூரத்து ஒற்றுமைகள் மட்டும்தான். நம் ஆட்கள் சோதனை செய்வது குறைவு, அதனால் ஏமாற வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். 2023இல் ஒருநாள் கனடாவில் இருக்கும் ஓர் இளைஞர் பெயர் பட்டியலின் உச்சியில் வந்தது. 618 சென்டிமோர்கன். "முதல் அல்லது இரண்டாம் கசின்" என்று இணையதளம் எழுதியிருந்தது.

இங்கேதான் தமிழ்க் குடும்பங்கள் தவறிப்போகும் இடம் இருக்கிறது, கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறேன். ப்ளெய்ன் பெட்டிங்கர் என்ற டிஎன்ஏ வம்சாவளி ஆய்வாளர் ஆயிரக்கணக்கானவர்களிடம் எண்களைச் சேகரித்து, எந்த உறவுக்குச் சராசரி எவ்வளவு என்று பட்டியல் போட்டிருக்கிறார். உடன்பிறந்தவர்களின் பிள்ளைகளுக்குள் (முதல் கசின்) சராசரி 866 சென்டிமோர்கன். அந்தப் பிள்ளைகளில் ஒருவருக்கும் மற்றவரின் பிள்ளைக்கும் 433. இரண்டு பக்கமும் பேரப்பிள்ளைகள் (இரண்டாம் கசின்) என்றால் 229. சராசரிதான், மேலும் கீழும் நிறையவே போகும். 618 என்ற எண் இதில் எதிலும் சரியாக உட்காரவில்லை.

காரணம் எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது. அப்பா கட்டியது சொந்த அக்கா மகளை. அதாவது என் அப்பா என் அம்மாவுக்குத் தாய்மாமன். அப்பாவின் மூத்த அக்காவே என் அம்மாயி. சிலோனில் நின்றுபோன நடு அக்கா எனக்கு அப்பா வழியில் அத்தை, அம்மா வழியில் சின்ன அம்மாயி. கனடா இளைஞர் அவருடைய மகள்வயிற்றுப் பேரன் என்று வைத்தால் அப்பா வழியில் 433, அம்மா வழியில் 229, கூட்டினால் 662. 618 அதற்குப் பக்கத்தில் இருக்கிறது. மருமகளுக்கும் அவருக்கும் 307 வந்திருந்தது, ஏறக்குறைய பாதி, அதுவும் பொருந்தியது.

வெள்ளைக்காரர்களுக்காகப் போட்ட அட்டவணை ஒரு ஆள் ஒரு வழியில்தான் உறவு என்று நினைத்துக்கொள்கிறது. நம் வீடுகளில் தாய்மாமன் கல்யாணம், அத்தை மகன் கல்யாணம் என்று இரண்டு மூன்று வழி இருக்கும். அதனால் எண் பெரும்பாலும் கூடுதலாகவே வரும், இணையதளம் உறவை நிஜத்தைவிட நெருக்கமாகக் காட்டும். உங்கள் வரைபடத்தில் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் பக்கத்தில் என்ன முறை என்று எழுதி வையுங்கள், அந்த முறைகளைக் கொண்டு கூட்டிப் பாருங்கள். மொத்தத்தோடு, ஒத்துப்போகும் துண்டுகளில் மிக நீளமானது எவ்வளவு என்றும் பாருங்கள். சின்னச் சின்னத் துண்டுகள் நிறைய இருந்தால் அது பல தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே கொண்டு கொடுத்த கூட்டத்தின் அடையாளம், பக்கத்து உறவு என்று சொல்ல முடியாது. 15, 20க்குக் கீழே மொத்தம் வருகிறவர்களைத் துரத்தி நான் ஒரு வருடத்தை வீணாக்கினேன். ஒற்றுமையே வரவில்லை என்றால் உறவே இல்லை என்றும் முடிவு கட்டக்கூடாது. இரண்டு பக்கமும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளான மூன்றாம் கசின்களில் பத்தில் ஒரு ஜோடிக்கு டிஎன்ஏவில் ஒற்றுமையே தெரியாது, நான்காம் கசின் என்றால் பாதிப் பேருக்கு.

இதையெல்லாம் எழுதும்போது ஒரு வருத்தம். அம்மா 2019இல் போய்விட்டார். அவர் எச்சில் கொடுத்திருந்தால் இந்தக் கூட்டல் கழித்தலே தேவைப்பட்டிருக்காது, ஒரே வழி, 433க்குப் பக்கத்தில் ஓர் எண் வந்திருக்கும். வீட்டில் மூத்தவர் யார் இருக்கிறாரோ அவரை முதலில் சோதனை செய்யுங்கள்.

ஆனால் அவரிடம் சம்மதம் கேளுங்கள், மற்றவர்களிடமும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். தம்பி கொடுத்தது தன் எச்சிலை, அதில் என் டிஎன்ஏவும் பாதி இருக்கிறது. 2023இல் 23அண்ட்மீ என்ற டிஎன்ஏ சோதனை நிறுவனத்திலிருந்து 69 லட்சம் பேரின் விவரங்கள் திருடு போயின. 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் மனு போட்டது. ஜெட்மேட்ச் என்ற இலவசத் தளத்தில் மூலத் தரவை ஏற்றினால் வேறு நிறுவனங்களில் சோதித்தவர்களோடும் ஒப்பிடலாம். 2018இல் கலிபோர்னியா போலீஸ் ஒரு பழைய கொலைகாரனைப் பிடித்தது அந்தத் தளத்தின் உதவியோடுதான். இதெல்லாம் தெரிந்து செய்ய வேண்டும். முழுப்பெயருக்குப் பதில் முதலெழுத்துகளைப் போடுங்கள், வேலை முடிந்ததும் தரவை அழிக்கச் சொல்லலாம்.

எதிர்பாராத பதிலுக்கும் தயாராக இருங்கள். மலேரியாவிலும் பஞ்சத்திலும் பெற்றோரை இழந்த குழந்தைகளைப் பக்கத்து லயத்தார் எடுத்து வளர்த்தது மலையகத்தில் சகஜம். அப்படி வளர்ந்தவரிடம் யாரும் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் மேல் வைத்த பாசம் பொய்யில்லை. சோதனைக்கு முன்பே குடும்பத்தோடு உட்கார்ந்து, "இப்படி ஏதாவது வந்தா என்ன செய்யறது" என்று பேசிக்கொள்ளுங்கள்.

முதல் கடிதம்

ஒற்றுமை வந்தவருக்கு எழுதும்போது சுருக்கமாக எழுதுங்கள். சாதி கேட்காதீர்கள், காசு பற்றிய பேச்சு வேண்டாம். அவர் இந்தத் தலைமுறை ஆள், பாட்டி பெயரைத் தவிர ஒன்றும் தெரிந்திருக்காது. நான் எழுதியது இவ்வளவுதான்: "எங்கள் குடும்பம் 1974இல் தலவாக்கலைப் பக்கத்திலிருந்து இந்தியா வந்தது. அங்கேயே இருந்துவிட்ட எங்கள் அத்தை பெயர் இது, தோட்டத்தின் தமிழ்ப் பெயர் இது, குலசாமி பெயர் இது. உங்கள் அம்மாவிடம் கேட்டுச் சொல்ல முடியுமா?" மருமகள் அதை ஆங்கிலத்திலும் எழுதிச் சேர்த்தாள்.

ஐந்து மாதம் பதில் இல்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவரே வீடியோவில் கூப்பிட்டார். அத்தை 2004இல் இறந்துவிட்டார். அத்தையின் மகள் ஹட்டன் பக்கத்தில் இருக்கிறார். அம்மா சொல்லிக் கொடுத்ததாக அந்த இளைஞர் குலசாமி பெயரைச் சொன்னார், காவல் தெய்வத்தின் பெயரையும் சேர்த்து. பிறகு தயங்கித் தயங்கி, "உங்களை அக்கான்னு கூப்பிடணுமா, அத்தைன்னு கூப்பிடணுமா? அம்மா ரெண்டும் சரின்னு சொல்றாங்க" என்று கேட்டார்.

அம்மா வழியில் அவர் எனக்குத் தம்பி, அப்பா வழியில் மருமகன். "உங்க பாட்டி எங்க அப்பாவை என்னன்னு கூப்பிடுவாங்க?" என்று கேட்டேன். தம்பி என்றுதான் எப்போதும் பேசுவார்களாம். "அப்படின்னா நான் அத்தைதான்" என்றேன்.

அவருடைய அம்மாவின் பிறப்புச் சான்று நகலும் அத்தையின் திருமணப் பதிவும் இன்னும் வாங்க வேண்டும். பிரதேச செயலகத்தில் கேட்கும்போது அத்தை பெயரை மூன்று விதமான எழுத்தில் எழுதிக் காட்டச் சொல்லிக் காகிதத்தை அனுப்பியிருக்கிறேன். மாசியில் அவர் கோத்தகிரி வருகிறார். முதலில் துறையூர் போய்விட்டுத்தான் மலை ஏறுவோம்.